ஆட்படுதல்: ‘ஓனர்ஷிப்’ உறவுக்கு ஒரு தமிழ்ச்சொல்

தஞ்சாவூரில் எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: “அக்கா, ஓனர்ஷிப்புன்னு நாங்க சொல்றதுக்குத் தமிழ்ல என்ன வார்த்தை? அடிமைன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. எங்க தாத்தா பண்ணையாளா இருந்தவரு.”

முப்பதைத் தாண்டியவள், சொந்தச் சம்பாத்தியம் உள்ளவள். அவளும் அவள் துணைவரும் பேசி ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது. சில விஷயங்களில் முடிவெடுக்கும் உரிமையை அவள் அவரிடம் கொடுத்திருக்கிறாள். ‘நான் உன்னுடையவள்’ என்பதை அவர்கள் வெறும் கொஞ்சலாகச் சொல்வதில்லை, அன்றாட நடைமுறையாகவே வைத்திருக்கிறார்கள். இப்படி வாழ்கிறவர்கள் பல நாடுகளில் உண்டு. நம்மூரிலும் உண்டு, பேசுவதில்லை, அவ்வளவுதான். அவள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை.

முதலில் ‘கிங்க்’. ஓனர்ஷிப் போன்ற, வழக்கத்துக்கு மாறான விருப்பங்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் இதுதான் பொதுப்பெயர். இது கயிற்றுச் சொல். கயிற்றில் விழும் முறுக்கைக் குறித்த டச்சுச் சொல், 17-ஆம் நூற்றாண்டில் கப்பற்கயிறுகளோடு ஆங்கிலத்துக்குள் வந்தது. அப்புறம் மனத்தின் முறுக்கு, கடைசியில் காம விருப்பத்தின் முறுக்கு என்று பொருள் நகர்ந்தது. நம் செய்தித்தாள்கள் இதற்கு ‘வக்கிரம்’ என்று போடுகின்றன. அதுவும் வளைவைக் குறிக்கும் வடசொல்தான், ஆனால் தமிழில் அது தீர்ப்பாகிவிட்டது. நமக்கு ‘புரி’ என்ற நல்ல சொல் இருக்கிறது. வைக்கோலைத் திரித்தால் புரி, பேச்சில் பிரி. வலம்புரி, இடம்புரி என்னும்போது முறுக்கு எந்தப் பக்கம் என்று மட்டுமே சொல்கிறோம், குற்றம் சொல்வதில்லை. இருந்தாலும் ‘கிங்க்’ எல்லாருக்கும் பழகிவிட்டது. அது அப்படியே இருக்கட்டும்.

ஓனர்ஷிப்தான் சிக்கல். ஒருவர் இன்னொருவருக்கு உரியவராக எழுதிக்கொடுப்பது ஐரோப்பாவில் புதிதல்ல. ஆஸ்திரிய எழுத்தாளர் சாகர்-மாசோக் 1869-இல் ஃபானி பிஸ்டர் என்ற பெண்ணிடம் தன்னை அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒப்பந்தம் போட்டார். ஆறு மாதம் என்று கெடுவும் வைத்தார். வலியிலும் பணிவிலும் இன்பம் காண்பதைக் குறிக்கும் மாசோகிசம் என்ற சொல்லே அவர் பெயரிலிருந்து பிறந்தது. இப்படி வாழ்கிறவர்கள் சொல்லும் ‘பாதுகாப்பு, தெளிந்த மனம், சம்மதம்’ என்ற மூன்று சொல் விதி 1980-களில் நியூயார்க்கில் உருவானது.

இதையெல்லாம் ‘அடிமை’ என்ற ஒரே சொல்லில் போட்டுவிடலாமே என்று தோன்றும். டெல்டாவில் முடியாது. அடி என்றால் பாதம். காலடியில் கிடக்கும் நிலை அடிமை. சோழர் காலத்தில் ஆள் விற்ற பத்திரத்துக்கு ‘ஆள்விலைப் பிரமாண இசைவுத்தீட்டு’ என்று பெயர். பெயரிலேயே இசைவு இருக்கிறது பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருப்பாம்புரம் கோயிலுக்கு ஒரு வேளாளர் தன்னையும் இரண்டு மகள்களையும் 110 காசுக்கு விற்றதைக் கல்வெட்டு சொல்கிறது. காரணம் பஞ்சம். பசித்தவன் வைத்த கையெழுத்தை நான் இசைவு என்று ஏற்கமாட்டேன். பண்ணையாளுக்கு அந்தப் பத்திரமும் இல்லை, பிறப்பே பத்திரம். 1952-இல்தான் தஞ்சைப் பண்ணையாள்களுக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், கூலிப் போராட்டம் நடந்த கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 தலித்துகள் எரிக்கப்பட்டார்கள். அவள் நாக்கு தயங்கியதில் இத்தனையும் இருக்கிறது. சாதியைக் காட்டிப் பணியச் சொல்கிறவர் எந்தப் பெயரில் வந்தாலும் அது கிங்க் இல்லை, பழைய பண்ணைதான்.

சரி, வேறு சொல்? ‘ஆள்’ என்பதைப் பாருங்கள். பெயராக வந்தால் மனிதர், பணியாள். வினையாக வந்தால் ஆளுதல், அரசாளுதல். ஆள்பவரும் ஆளப்படுபவரும் ஒரே வேரில் நிற்கிறார்கள். பக்தி இலக்கியத்தில் இறைவன் ஆட்கொள்கிறான், அடியார் ஆட்படுகிறார். கோயில் சொல்லைப் படுக்கையறைக்குக் கொண்டுபோவது என் நோக்கமில்லை, சொல்லின் அமைப்பைத்தான் காட்டுகிறேன். திருவாரூரில் சுந்தரர் ‘மீளா அடிமை’ என்று சொல்லிக்கொண்டே, கண்ணைப் பறித்த இறைவனிடம் ‘வாழ்ந்துபோதீரே’ என்று சண்டை போட்டார். ஆட்பட்டவருக்கு வாய் மூடிப்போவதில்லை. ‘ஆட்படுதல்’ என்னும்போது வினையைச் செய்பவர் தன்னைக் கொடுப்பவர்தான். அதனால் ஓனர்ஷிப் உறவை ‘ஆட்படும் உறவு’ என்பேன். இத்தகைய உறவுகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘பவர் எக்ஸ்சேஞ்ச்’ என்பதை ‘அதிகாரப் பரிமாற்றம்’ என்பதைவிட ‘அதிகாரக் கையளிப்பு’ என்பது சரி. இருவரும் மாற்றிக்கொள்வதில்லை, ஒருவர் கொடுக்கிறார், மற்றவர் பொறுப்பேற்கிறார்.

கொடுத்தது திரும்ப வருமா? இதற்கு டெல்டாக்காரருக்கு விளக்கமே தேவையில்லை. நிலத்தை ஒத்திக்கு விட்டவருக்குத் தெரியும். ஒத்திக்கு வாங்கியவர் உழுவார், அறுப்பார், விளைச்சல் அவருக்கு. நிலம் மட்டும் கொடுத்தவருடையதுதான், ஒருநாள் திருப்பிக்கொள்வார். இங்கே பணம் இல்லை, மற்றபடி அதே கதை. இன்னொரு வித்தியாசமும் உண்டு: ஒத்தியைத் திருப்பக் கெடு வரை காத்திருக்க வேண்டும், ஆட்பட்டவர் எந்த நிமிடமும் திருப்பிக்கொள்ளலாம். சொன்னவுடன் எல்லாம் நின்றுவிட வேண்டும் என்று இருவரும் முன்பே பேசிவைக்கும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ‘சேஃப்வேர்ட்’ என்று பெயர். அதற்கு ‘மீட்புச்சொல்’ என்று பெயர் வைப்பதில் எனக்கு மனநிறைவு உண்டு. மீட்புச்சொல் வேண்டாம் என்கிறவரிடம் ஆட்படாதீர்கள். எந்த ஒப்பந்தமும் நீதிமன்றத்தில் ஒருவரை உடைமையாக்காது. கொடுங்காயத்துக்குச் சம்மதம் சட்டத்தின் முன் நிற்காது. 18 வயதுக்குக் கீழே பேச்சுக்கே இடமில்லை.

‘கிங்க் கம்யூனிட்டி’ என்பதிலும் ஒரு தடுக்கல். கம்யூனிட்டி என்றால் நம்மூரில் சாதி, கம்யூனிட்டி சர்டிபிகேட்தான் நினைவுக்கு வரும். சமூகம் என்றாலும் அதே கதை. ‘தோழமை’ என்று வைத்துக்கொள்வோம். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ தோழமை தேடுவது எளிதல்ல. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் யாரும் ஒரு டம்ளர் காபிகூடத் தரமாட்டார்கள். அதனால் திருச்சிக்கோ சென்னைக்கோ போகிறார்கள். ‘மஞ்ச்’ என்று இவர்கள் சொல்வது வெறும் சந்திப்புதான். பகல் நேரம், பொது உணவகம், சாதாரண உடை, பேச்சு மட்டும். உண்மைப் பெயர் கேட்பதில்லை, படம் எடுப்பதில்லை. புதிதாகப் போகிறவர் நம்பிக்கையான ஒருவரிடம் எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். முதல் வாரமே படம், பணம், கடவுச்சொல் கேட்கிறவரையும், நண்பர்களை விட்டுவிடச் சொல்கிறவரையும் அங்கேயே நிறுத்திவிடலாம். நாலு பேரைத் தெரிந்துவைத்திருப்பதன் பெரிய பயன், ‘அவரிடம் போகாதே’ என்று சொல்ல ஆள் இருப்பதுதான்.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துத் தாங்கள் எழுதிய தாளைக் காட்டினாள். ‘அடிமை’ எங்கும் இல்லை. எதெல்லாம் அவர் முடிவு, எதெல்லாம் அவள் முடிவு, சம்பளமும் போனும் அவளுடையவை, மீட்புச்சொல் என்ன என்று வரிசையாக இருந்தது. அடியில் அவள் கையெழுத்தில்: “மறுபடி உக்காந்து பேசுற நாள், ஆடிப்பெருக்கு.”