குழம்புக் கறை பட்டாலும் காசு போய்ச் சேருவது எப்படி?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “தேக்கா உணவங்காடியில் நான் வழக்கமாகச் சாப்பிடும் பிராட்டாக் கடையில், கியூஆர் அட்டையின் நடுவில் பெரிதாக மீன்குழம்புக் கறை. துடைத்துத் துடைத்துக் கட்டங்களே அழிந்துவிட்டன. ஆனாலும் கைப்பேசியை நீட்டினால் கடைக்காரர் பெயர் சரியாக வருகிறது. ஓரம் கிழிந்த நோட்டைக் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர், அந்த அட்டையை மட்டும் மாற்றுவதே இல்லை. பணம் தப்பான ஆளுக்குப் போய்விடாதா?”

போகாது. காரணம் நான் பல வருடங்களாக ரசித்துவரும் ஒரு கணிதம்.

முதலில், அந்த அட்டை பணமல்ல, முகவரி. கட்டங்களை எழுத்தாக மாற்றினால் 000201 என்று தொடங்கும் நீண்ட வரி ஒன்று கிடைக்கும். அதில் 5303702 என்று ஒரு துண்டு இருக்கும். 53 என்றால் ‘எந்த நாட்டுப் பணம்’, 03 என்றால் ‘அடுத்து மூன்று இலக்கம்’, 702 என்பது சிங்கப்பூர் வெள்ளிக்கு உலகம் முழுக்க உள்ள எண். இந்திய ரூபாய்க்கு 356. 59 என்று தொடங்கும் துண்டில் கடையின் பெயர். 2018 செப்டம்பரில் சிங்கப்பூரின் பொதுக் கியூஆர் முறையான எஸ்ஜிகியூஆர் வந்தபோது 27 கட்டண முறைகளை இப்படி ஒரே சதுரத்துக்குள் அடக்கினார்கள். கடை முகப்புகளில் தொங்கிய ஸ்டிக்கர் தோரணமும் குறைந்தது. செயலி முகவரியைப் படித்ததும், 2017இல் வந்த பணமாற்றச் சேவையான பேநவ் கணக்கைக் கண்டுபிடிக்க, வங்கிகளுக்கிடையே சில நொடிகளில் பணம் மாறிவிடுகிறது.

இனி கறைக்கு வருவோம். 3, 5 என்ற இரண்டு எண்களை அச்சடிக்க வேண்டும் என்று வையுங்கள். வரைபடத் தாளில் 1க்கு நேராக 3, 2க்கு நேராக 5 என்று புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகள் வழியாக ஒரே ஒரு நேர்கோடுதான் போகும். அதை நீட்டினால் 3க்கு நேராக 7, 4க்கு நேராக 9. இப்போது நான்கையும் அச்சடிக்கிறோம்: 3, 5, 7, 9.

குழம்பு தெறித்து 5 இருந்த இடம் 8 போலத் தெரிகிறது. கைப்பேசிக்குக் கிடைப்பது 3, 8, 7, 9. எது தப்பு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் வரிசையாக நிற்க, ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. வேறு எந்த மூன்றைச் சேர்த்துப் பார்த்தாலும் கோடு அமையாது. நீங்களே போட்டுப் பாருங்கள். ஆகவே தப்பு இரண்டாவது இடத்தில், அங்கே இருந்திருக்க வேண்டியது 5. தப்பு எங்கே என்பதும் சரியான விடை என்ன என்பதும் ஒரே கோட்டிலிருந்து கிடைத்துவிட்டன!

இதை 1960இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இருவர் எழுதினார்கள். கியூஆரில் எண்கள் இரண்டல்ல, பல பத்துகள்; அதனால் நேர்கோட்டுக்குப் பதில் பல வளைவுகள் கொண்ட கோடு. எண்களும் 0 முதல் 255க்குள் அடங்கவேண்டும் என்பதால் கணக்கே கொஞ்சம் விசித்திரமானது: எந்த எண்ணையும் அதனுடனேயே கூட்டினால் பூச்சியம், எப்படி வகுத்தாலும் பின்னம் வராது.

எட்டுக் கட்டங்கள் சேர்ந்தது ஓர் எண். எட்டில் ஒன்று அழிந்தாலும் சரி, எட்டும் அழிந்தாலும் சரி, கணக்குக்கு அது ஒரே ஒரு தப்புதான். அதனால் ஒரே இடத்தில் கொட்டிய குழம்பு அவ்வளவு மோசமில்லை. அதே அளவு எண்ணெய் பொட்டுப் பொட்டாகத் தெறித்து, ஒவ்வோர் எண்ணிலும் ஒரு கட்டத்தைக் கெடுத்தால்தான் ஆபத்து. எவ்வளவு சேதம் தாங்கும் என்பதை அச்சடிக்கும்போதே தேர்ந்தெடுக்கலாம்: ஏறக்குறைய 7, 15, 25, 30 விழுக்காடு என்று நான்கு நிலைகள். பேநவ் சதுரத்தின் நடுவே சின்னம் இருக்கிறதே, அது தெரிந்தே வைத்த கறை. இந்தச் சலுகையை நம்பித்தான் அதை அங்கே ஒட்டியிருக்கிறார்கள்.

மூலைகள் வேறு விஷயம். 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு கார் உதிரிப் பாகங்களுக்காகக் கியூஆரை உருவாக்கியபோது, அச்சடித்த தாள்களையெல்லாம் அலசி, அவற்றில் மிக அரிதாக வரும் கறுப்பு வெள்ளை விகிதத்தைத் தேடினார்கள். கிடைத்தது 1:1:3:1:1. மூன்று மூலைச் சதுரங்களும் அந்த விகிதத்தில்தான் இருக்கின்றன. கூடுதலாகச் சேர்த்த 7, 9 போன்ற திருத்தும் எண்களின் பாதுகாப்பு இவற்றுக்குக் கிடையாது. ஒரு மூலை போனால் பெரும்பாலும் செயலிக்குச் சதுரமே கண்ணில் படாது.

அந்த விசித்திரக் கணக்குக்கு அடித்தளம் போட்ட எவரிஸ்ட் கால்வா, 1832இல் துப்பாக்கிச் சண்டை ஒன்றில் 20 வயதில் இறந்துபோனார். ‘இந்த ஆய்வால் தொழில்துறைக்கு என்ன பயன்?’ என்று மானிய விண்ணப்பங்களில் இப்போது ஒரு கட்டம் வைக்கிறார்கள். பிராட்டாக் கடை என்று அவர் எழுதியிருக்க முடியாது. உடனடிப் பயனை மட்டும் பார்த்துப் பணம் ஒதுக்குவது கெட்டிக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாசகரின் பயம் வேறொரு பக்கத்தில் நியாயமானது. 000201 என்று தொடங்கிய அந்த வரியின் கடைசி நான்கு எழுத்துகள் சரிபார்ப்புக்கானவை, ஆனால் அவை பிழையை மட்டுமே பிடிக்கும். கையொப்பம் அல்ல அவை. யார் வேண்டுமானாலும் கணக்கிட்டு அச்சடிக்கலாம். கடைக்காரரின் அட்டை மேல் ஒரு மோசடிக்காரன் தன் ஸ்டிக்கரை ஒட்டினால், அந்தச் சதுரம் கணிதப்படி குறையே இல்லாதது. பணம் அனுப்புமுன் திரையில் வரும் பெயரைப் படிப்பது ஒன்றுதான் அங்கே காவல். அவசரத்தில் நம்மில் பலர் அதைப் படிப்பதில்லை.

அதைவிட்டு, மொய்ப் பணத்தைப் பேநவில் அனுப்பினால் 101இன் அந்த ஒரு வெள்ளிக்கு ராசி போய்விடும் என்று கவலைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ராசிக்கென்று அந்த வரியில் இடமே ஒதுக்கவில்லை, அம்மா.

இந்த ஏற்பாடு உண்மையாகவே தடுமாறுவது இன்னோர் இடத்தில். 2023 அக்டோபர் 14ஆம் தேதி, ஒரு தரவு மையத்தின் குளிரூட்டும் வசதி பழுதாகி, இரண்டு வங்கிகளின் சேவைகள் மணிக்கணக்கில் முடங்கின. சுமார் 25 லட்சம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. அட்டை பளிச்சென்று இருந்தும் பயனில்லை. முகவரி தெரிந்தாலும் கணக்கேட்டைத் திறக்க முடியவில்லை. நோட்டுக்குக் கணக்கேடு வேண்டாம், கை மாறினால் வேலை முடிந்தது. அதனால் பர்ஸில் எப்போதும் இரண்டு பத்து வெள்ளித் தாள்கள் வைத்திருக்கிறேன். மற்றபடி எல்லாம் கைப்பேசிதான்: மாதக் கடைசியில் சாப்பாட்டுக்கு எவ்வளவு போனது என்று செயலியைக் கேட்டால் சொல்லிவிடும், பர்ஸைக் கேட்டால் சொல்லாது.