கெமிஸ்ட்ரி அலைட் பேப்பர்தானே என்று விட்டுவிடாதீர்கள்

பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி என்று சேரும் முதலாண்டு மாணவர்கள் பலர், கெமிஸ்ட்ரி அலைட் பேப்பர்தானே (துணைப்பாடம்), பாஸானால் போதும் என்று ஒதுக்கிவிட்டு, இருபது அமினோ அமிலங்களின் படங்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த ஆண்டு புரதம், நொதி என்று வரும்போது அந்தப் படங்கள் கைகொடுப்பதில்லை.

வைவாவில் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசினை வரையச் சொல்வேன். அமினோ தொகுதி ஒரு முனை, கார்பாக்சில் தொகுதி மறுமுனை, இரண்டிலும் மின்சுமை இல்லாமல் வரைவார்கள். சரி, இது எந்த பிஹெச்-இல் என்று கேட்டால் பதில் வராது. ஒரு தொகுதி பாதியளவு புரோட்டானை விட்டிருக்கும் பிஹெச்தான் அதன் பிகேஏ. கார்பாக்சிலின் பிகேஏ சுமார் 2.3, அமினோவுக்கு 9.6. அதனால் பிஹெச் 7-இல் முன்னது புரோட்டானை விட்டிருக்கும், பின்னது பிடித்து வைத்திருக்கும். ஒரே மூலக்கூறில் ப்ளஸ், மைனஸ் இரண்டும். திடநிலையிலும் அப்படித்தான். அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிட, அதைவிடச் சற்றே பெரிய கிளைசின் 230 டிகிரி வரை தாங்குவது இந்த மின்சுமைகளின் பிடியால்தான்.

இந்தக் கணக்கு தேர்வோடு முடிவதில்லை. அரிவாள் செல் சோகையில், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிடுகிறது. குளுட்டமிக் அமிலத்தின் பக்கச் சங்கிலிக்கு ரத்தத்தில் மைனஸ் சுமை உண்டு. வேலினுடையதற்குச் சுமை கிடையாது, தண்ணீரும் பிடிக்காது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் அங்கே ஒன்றோடொன்று ஒட்டி இழையாக நீள, ரத்தச் சிவப்பணு அரிவாள்போல் வளைகிறது. 1949-இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் குழுவினர் ஹீமோகுளோபினை மின்புலத்தில் ஓடவிட்டுக் கண்டதும் இந்தச் சுமை வேறுபாட்டைத்தான். மாறிய அமினோ அமிலம் எது என்று வெர்னான் இன்கிராம் காட்டியது சில ஆண்டுகள் கழித்து. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இந்த நோய் உண்டு, எனவே புத்தக உதாரணம் என்று நம்மால் கடந்துபோக முடியாது.

அமிலம்-காரம், பிகேஏ, ஹைட்ரஜன் பிணைப்பு மூன்றையும் முதல் செமஸ்டரிலேயே பிடித்துவிடுங்கள். ஆர்கானிக்கில் பெயர் வினைகள் கொஞ்சம் பின்தங்கினாலும் பரவாயில்லை (சக ஆசிரியர்கள் என்னைக் கோபித்துக்கொள்வார்கள்). எந்த அமினோ அமிலத்தை வரைந்தாலும் பிஹெச்-ஐ முதலில் எழுதிவிட்டு வரையுங்கள்.

அப்புறம், ஆய்வகத்தில் ட்ரிஸ் பஃபர், அதாவது பிஹெச் எளிதில் மாறாமல் பார்த்துக்கொள்ளும் கரைசல். 25 டிகிரியில் பிஹெச் 8 என்று சரிசெய்ததை 4 டிகிரிக்குக் கொண்டுபோனால் 8.5-ஐத் தாண்டிவிடும். எந்த வெப்பநிலையில் வேலையோ அதிலேயே அளந்து, பாட்டிலில் தேதியோடு அதையும் எழுதி வையுங்கள்.