தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கு டாக்டர்

சாயங்காலக் கூட்டம் குறைந்திருந்த நேரம். ஒரு பெரியவர் தன் நாயைக் குழந்தை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குள் வந்தார். "ரெண்டு நாளா ஒண்ணும் திங்கல டாக்டர். தொண்டையில எலும்பு மாட்டியிருக்கு. நானே கையை விட்டுத் துழாவிப் பாத்துட்டேன், தட்டுப்படல." நாயின் கீழ்த்தாடை தொங்கிக் கிடந்தது. எச்சில் நூல் நூலாக வழிந்து அவருடைய சட்டையின் முதுகுப் பக்கத்தை நனைத்திருந்தது. எலும்பு மாட்டிய நாய் பெரும்பாலும் முன்னங்காலால் வாயைப் பிறாண்டும், தலையை உதறும், முனகும். இது எதுவும் செய்யாமல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

'எலும்பு மாட்டியிருக்கு' என்று யாராவது சொன்னால் எங்கள் கை தானாகப் பின்னால் போகும். கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டேன். "ஊசி போட்டிருக்கீங்களா ஐயா?"

"குட்டியில ஒரு தடவை போட்டது. வீட்டு நாய்தானே டாக்டர், வெளிய எங்க போகப்போகுது?"

இரண்டாம் நாள் அது செத்தது. மூளைத் திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ரேபிஸ் என்கிற வெறிநோய்தான்.

வெறிநாய் என்றதும் நம் மனதில் வருவது நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு தெருவில் கண்டதையெல்லாம் கடித்தபடி ஓடும் நாய். அப்படி ஒரு வகை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் பயப்படுவது இந்தச் சத்தமில்லாத வகைக்குத்தான். தாடைத் தசையும் தொண்டைத் தசையும் செயலிழந்து, விழுங்க முடியாமல், ஒரு மூலையில் சுருண்டுகொள்ளும். பாவம் பார்த்து வீட்டில் எல்லோரும் மாறி மாறி வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள், மாத்திரை திணிப்பார்கள், கையை விடுவார்கள். கடியே இல்லாமல் நோய் கைமாற இது போதும்.

இன்னொன்று. "தண்ணி குடிக்குது டாக்டர், அப்போ வெறி இல்லைதானே?" என்று பலர் கேட்கிறார்கள். தண்ணீரைக் கண்டு மிரள்வது மனிதர்களுக்கு வரும் அறிகுறி. ரேபிஸ் வந்த நாய் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் மூஞ்சியை விட்டுக் குடிக்க முயலும். விழுங்கத்தான் முடியாது. கிண்ணத்தை வைத்து முடிவுகட்டாதீர்கள்.

சரி, ஊசி விஷயத்துக்கு வருவோம். நாய்க்குட்டிக்கும் பூனைக்குட்டிக்கும் மூன்று மாத வயதில் முதல் ரேபிஸ் ஊசி. ஒரு மாதம் கழித்து இன்னொன்று. அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை. போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது, மூன்று வாரமாவது ஆகும். மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டும். மெடிக்கலில் வாங்கி, பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வெயிலில் வண்டி ஓட்டி வந்து "இதைப் போட்டுவிடுங்க" என்று நீட்டுபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். கோபித்துக்கொள்கிறார்கள். என்ன செய்வது?

அதைவிட அதிகம் வருவது வேறொரு கோரிக்கை. "டாக்டர், கார்ப்பரேஷன் சைட்டுல ஏத்தணும், சர்டிபிகேட் மட்டும் வாட்ஸப்பில் அனுப்பிடுங்க, நாயைக் கூட்டிட்டு வர நேரமில்லை." சென்னையில் நாய், பூனை வளர்க்க மாநகராட்சியின் உரிமம் வேண்டும். 2025-இல் வருடக் கட்டணம் 50 ரூபாயாக இருந்தது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், ரேபிஸ் ஊசி போட்டதற்கான சான்றிதழ் இல்லாமல் நகராது. இந்த விதி பல வருடங்களாக இருந்தும் கண்டுகொள்வோர் குறைவு. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் ராட்வைலர் இன நாய்கள் இரண்டு ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய பிறகுதான் எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு விண்ணப்பித்தார்கள். 2025-இல் பிடி இறுகியது. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள், மைக்ரோசிப்பும் கட்டாயமானது. அரிசி மணி அளவுச் சிப், தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் போகும். அதற்குள் 15 இலக்க எண் ஒன்று, அவ்வளவுதான். அதை வைத்து நாய் எங்கே போகிறது என்று செல்போனில் பார்க்க முடியாது. வாரத்துக்கு நான்கு பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள்.

சான்றிதழைப் பதிவுபெற்ற கால்நடை மருத்துவர்தான் தர வேண்டும். உங்கள் கையில் இருக்கும் அட்டையை ஒருமுறை திறந்து பாருங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், பேட்ச் எண், போட்ட தேதி, அடுத்த தேதி, கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். வெறும் முத்திரை மட்டும் இருந்தால் யோசியுங்கள். ஊசியே போடாமல் அட்டையை மட்டும் நிரப்பிக் கொடுத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். கேட்டது நாயின் சொந்தக்காரர்தான் என்பதுதான் கொடுமை.

சென்னைக்கு வெளியே இருப்பவர்கள் 'நமக்கு இது இல்லை' என்று நினைக்க வேண்டாம். 2023-இல் மத்திய அரசு கொண்டுவந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி வளர்ப்பு நாயின் தடுப்பூசிக்கும் குடற்புழு நீக்கத்துக்கும் வளர்ப்பவரே பொறுப்பு. உங்கள் நாயால் மற்றவருக்கு ஆபத்து வராமல் கவனமாக இருக்கவில்லை என்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இந்த அபராதம் 1,000 ரூபாய்தான்.

தெரு நாயின் காதில் சிறு வெட்டு இருந்தால் அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம். அப்போது ரேபிஸ் ஊசியும் போட்டிருப்பார்கள். ஆனால் அந்த 'அப்போது' மூன்று வருடத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம். காது வெட்டியிருக்கே என்று கடியைச் சும்மா விடக் கூடாது.

கடித்துவிட்டது. யாருடைய நாய் என்ற பஞ்சாயத்தெல்லாம் பிறகு. முதலில் குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். பெரும்பாலானோர் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு, சோப்பு அதைக் கரைத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித் தூள் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

அடுத்தது அரசு ஆரம்ப சுகாதார நிலையமோ அரசு மருத்துவமனையோ. ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்னும் ஊரில் இருக்கிறது. ஆட்டு மூளையில் செய்த அந்தப் பழைய மருந்தை நாட்டில் நிறுத்தி இருபது வருடம் ஆகிறது. இப்போது தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் மேற்கையில் இரண்டு இடத்தில் 0.1 மில்லி வீதம் போடுகிறார்கள். முதல் ஊசி போடும் நாள்தான் பூஜ்யம். அதை ஒன்று என்று எண்ணி அடுத்தடுத்த தேதிகளைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். அட்டையில் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பல் பதிந்து ரத்தம் வந்தாலோ, ஏற்கெனவே இருந்த புண்ணில், வாயில், கண்ணில் எச்சில் பட்டாலோ தடுப்பூசி மட்டும் போதாது. தடுப்பூசி உடம்பில் எதிர்ப்பை உருவாக்க நாளாகும். அந்த இடைவெளிக்காக ஆயத்த எதிர்ப்புச் சக்தியான இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் செலுத்துவார்கள். வலிக்கும். அதற்குப் பயந்து வீட்டுக்கு ஓடி வந்துவிடாதீர்கள். சின்ன ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லாவிட்டால் தடுப்பூசியை அங்கேயே போட்டுக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். பத்து நாள் பார்க்க வேண்டும். நாயோ பூனையோ, கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால் பத்து நாளைக்குள் நோய் வெளியே தெரிந்துவிடும், செத்தும் போகும். பத்தாம் நாளும் வழக்கம்போல வாலை ஆட்டிக்கொண்டு சோற்றுக்கு வந்தால் கடித்த அன்று எச்சிலில் வைரஸ் இல்லை. நடை, குரல், சாப்பாடு மூன்றையும் கவனியுங்கள். குரைப்பு கரகரத்து இழுபட ஆரம்பித்தால் உடனே எங்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் 'பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்கிறேன்' என்பது தப்பு. ஊசி அன்றைக்கே தொடங்க வேண்டும், பார்ப்பது கூடவே நடக்க வேண்டும். கடித்தது ஊசி போட்ட வீட்டு நாயாக இருந்தாலும் இதே கணக்குத்தான். குரங்கு கடித்தாலும் ஊசி உண்டு, அதற்குப் பத்து நாள் கணக்கு மட்டும் பொருந்தாது. எலிக்கடிக்கும் அணில் கடிக்கும் பொதுவாக ரேபிஸ் ஊசி தேவைப்படுவதில்லை.

உங்கள் நாயை வேறு நாய் கடித்தாலும் காயத்தைக் கையுறையுடன் கழுவிவிட்டு அன்றே கொண்டு வாருங்கள். ஏற்கெனவே வருடா வருடம் ஊசி போட்ட நாய் என்றால் எங்கள் வேலை சுலபம். போடாத நாய்க்கு மனிதர்களைப் போலவே தொடர் ஊசி போடுவோம், ஆனால் மாதக்கணக்கில் கண்காணிக்க வேண்டியிருக்கும்.

அந்தப் பெரியவர் வீட்டில் ஆறு பேர். எல்லோரையும் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். நகக்கண்ணில் வெட்டு இருந்த கையைத்தான் அவர் நாயின் வாய்க்குள் விட்டிருந்தார், அதனால் அவருக்குக் காயத்துக்குள் செலுத்தும் ஊசியும் சேர்ந்தது. ஆறு பேரும் ஒரு தேதியைக்கூடத் தவறவிடாமல் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு வருடம் கழித்து அட்டைப்பெட்டியில் ஒரு குட்டியுடன் வந்தார். தெருவிலிருந்து எடுத்தது, இரண்டு மாதம்கூட இருக்காது. பேரனும் கூட வந்திருந்தான். அவன் புறங்கையில் சின்னதாக இரண்டு கீறல். "குட்டிப் பல்லு டாக்டர், விளையாட்டுக்குக் கவ்வுச்சு" என்றார். ஊசி போடாத குட்டி, தாய் யாரென்று தெரியாது. சோப்பை எடுத்துப் பையனைக் குழாயடிக்கு அனுப்பினேன்.

"மறுபடியும் அத்தனை ஊசியா?" என்றார்.

"இல்லை ஐயா. அவன் போன வருஷம் முழுசாப் போட்டுக்கிட்டதால இந்தத் தடவை ரெண்டே ரெண்டுதான். இன்னைக்கு ஒண்ணு, மூணு நாள் கழிச்சு ஒண்ணு. பழைய அட்டை இருக்கா?"

சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையோடு எடுத்து நீட்டினார்.