கடின நீர்த் தொட்டி: எந்த மீன் தாங்கும், எந்த மீன் இறாலை விட்டுவைக்கும்?

கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவு விடும் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறையக் கரைந்திருக்கும். இந்த இரண்டின் அளவுதான் ஜிஹெச். ஒரு டிகிரி ஜிஹெச், லிட்டருக்குச் சுமார் 17.8 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். 12 டிகிரியைத் தாண்டினால் கடின நீர் என்று வைத்துக்கொள்ளலாம். கூடவே வரும் பைகார்பனேட்டின் அளவு கேஹெச். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் சட்டென்று சரியாமல் தாங்குவது அதுதான்.

இப்படிப்பட்ட தண்ணீர் வாய்த்தவர்கள் பலர் உடனே அதை மென்மையாக்க முயல்கிறார்கள். செர்ரி இறால் என்னும் சின்னஞ்சிறு நன்னீர் இறாலை வளர்ப்பவர்களுக்கு அது தேவையில்லை. இறாலின் ஓடு உடலோடு சேர்ந்து வளராது. பழையதைக் கழற்றிவிட்டுப் புதிய ஓட்டைக் கால்சியத்தால் இறுக்கியாக வேண்டும். அதற்கான கால்சியத்தில் கணிசமான பங்கு சுற்றியுள்ள தண்ணீரிலிருந்தே உடலுக்குள் போகிறது. கிரிஸ்டல் ரெட் போன்ற தேனீ இறால்கள் மட்டும் விதிவிலக்கு. அவை மென்னீரில் வளர்பவை.

மீன் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. நன்னீர் மீனின் இரத்தம் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு மிகுந்தது. அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் ஓயாமல் உள்ளே வரும், உப்பு ஓயாமல் வெளியே கசியும். வந்த தண்ணீரைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. போன உப்பைச் செவுளில் உள்ள தனி வகைச் செல்கள் மீண்டும் உள்ளே இழுக்கின்றன. தண்ணீரில் கால்சியம் இருந்தால் செவுள் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் இறுகி, கசிவு குறையும். அப்படிப் பார்த்தால் கடின நீர் மீனுக்கு உதவியே செய்கிறது.

பிறகு ஏன் சில மீன்களுக்கு ஒத்துவருவதில்லை? தென் அமெரிக்காவின் ரியோ நெக்ரோ ஆற்றில் வாழும் கார்டினல் டெட்ராவை எடுத்துக்கொள்வோம். அங்கே கால்சியம் ஏறக்குறைய இல்லை, தண்ணீரும் நல்ல அமிலத்தன்மை உடையது. அந்த நிலையிலும் உப்பைப் பிடித்துவைக்கும்படி அதன் உடல் அமைந்துவிட்டது. வளர்ந்த மீன் ஓரளவு கடின நீருக்குப் பழகிக்கொள்ளும். அதன் முட்டைகளுக்குத்தான் உண்மையான சிக்கல்: கடின நீரில் அவை சரியாகப் பொரிவதில்லை. மீன் குஞ்சு பொரித்துத் தொட்டியிலேயே பெருக வேண்டும் என்று விரும்பினால், அதன் முன்னோர் வாழ்ந்த நிலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி.

அப்படித் தேடினால் மியான்மரின் ஷான் பீடபூமி கண்ணில் படும். சுண்ணாம்புப் பாறை நிலம் அது. அங்குள்ள இன்லே ஏரியின் தண்ணீர் தெளிவானது, காரத்தன்மை கொண்டது, செடிகள் அடர்ந்தது. உடம்பில் நீலப் பட்டைகள் ஓடும் எமரால்டு ட்வார்ஃப் ராஸ்போரா அந்த ஏரியைச் சேர்ந்தது. அதே பீடபூமியில் ஹோபோங் ஊருக்கு அருகே செடி மண்டிய ஆழமற்ற குட்டைகளில் 2006-இல் தெரியவந்தது செலஸ்டியல் பேர்ல் டேனியோ. இரண்டு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும், கருநீல உடம்பில் முத்துப் புள்ளிகள். செடித் தொட்டிக்கு என் முதல் தேர்வு இதுவே. கூச்ச சுபாவம் உள்ளது என்பதால் எட்டுப் பத்துப் பேராக விட்டால்தான் வெளியே வரும். ஹீட்டரை உயர்த்தி வைக்காதீர்கள், 22–24 டிகிரி செல்சியஸ் போதும்.

கொஞ்சம் வெதுவெதுப்பான தொட்டி என்றால் கப்பி மீனின் நெருங்கிய உறவான எண்ட்லர். வெனிசுவேலாவின் குமானா அருகே கடினமான, வெப்பமான நீர்நிலையிலிருந்து வந்தது. குட்டி போடும் இனம் என்பதால் முட்டைப் பிரச்சினையே இல்லை. பெண் மீன்களையும் சேர்த்தால் தொட்டி வேகமாக நிரம்பிவிடும். ஆண்களை மட்டும் வைப்பது நல்லது. கப்பியோடு சேர்த்து விட்டால் கலப்பினம்தான் மிஞ்சும்.

சரி, இறாலுக்கு வருவோம். "இறாலோடு ஒத்துப்போகும்" என்று சொல்லி விற்கப்படும் மீன்களில் பெரும்பாலானவை பெரிய இறாலைத்தான் விட்டுவைக்கும். செர்ரி இறாலுக்குத் தனி லார்வாப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், பெரியதன் அச்சாக வெளிவரும். அந்த அளவு வாய்க்குள் நுழைந்தால் எந்த மீனும் விழுங்கும். டேனியோவும் எண்ட்லரும்கூடக் கண்ணில் பட்டதைக் கொத்தும். ஆகவே மீனின் நீளத்தைவிட வாயின் அளவையும், அது இரை தேடும் விதத்தையும் பாருங்கள். தரையையும் இலையிடுக்கையும் நோட்டமிடும் பேட்டா என்னும் சண்டை மீனும் குள்ள சிக்லிடும் இறால் தொட்டிக்கு வேண்டாம்.

குஞ்சுகள் பிழைப்பது பெரும்பாலும் செடியால்தான். ஜாவா மாஸ் என்னும் பாசி வகைச் செடியை ஒரு கைப்பிடி கட்டிவிட்டால் ஒளிய இடமும் மேய நுண்பாசியும் சேர்ந்தே கிடைக்கும். வாலிஸ்னேரியா கடின நீருக்கென்றே அமைந்தது போன்ற செடி: கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். மாஸ்களுக்கு அந்தத் திறன் கிடையாது, அதனால் அவை மெதுவாகவே வளரும்.

முதலில் செடி, அப்புறம் இறால். இறால்கள் பெருகிக் குஞ்சுகள் தென்படத் தொடங்கிய பிறகு மீனை விடுங்கள். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு ஈடாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், கால்சியம் தொட்டியிலேயே தங்கிவிடும். ஊற்ற ஊற்ற ஜிஹெச் ஏறிக்கொண்டே போகும். குறைந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணீர் ஊற்றி, வாரம் ஒருமுறை பத்துப் பதினைந்து சதவீதம் மாற்றும்போது மட்டும் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். அதில் குளோரின் இருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள்.