எஸ்டிஎல் ஃபைல் சாலிட் ஆகிவிட்டது, சரி. ஆனால் மெஷினுக்குத் தயாரா?

சிஎன்சி மில்லிங் மெஷினில் வெட்டித் தரச் சொல்லி வாடிக்கையாளர் ஒரு எஸ்டிஎல் ஃபைல் (பாகத்தின் பரப்பை முக்கோண வலையாக, அதாவது மெஷ்ஷாகச் சேமிக்கும் ஃபைல்) அனுப்புகிறார், கேட் சாஃப்ட்வேரில் (பாகத்தைக் கணினியில் வரையும் மென்பொருள்) திறந்தால் பாகம் அழகாகத்தான் தெரிகிறது, கன்வர்ட் பட்டனை அழுத்தினால் சாலிடும் (உள்ளே நிரம்பிய கன உருவம்) ஆகிவிடுகிறது. அப்புறம் என்ன, நேரே டூல்பாத் (கட்டர் போகும் பாதை) போட்டுவிடலாம் என்றுதான் கை போகும். இப்படி ஓடிய ஜாப்கள் பேரிங் உட்காராமல், போல்ட் துளை பொருந்தாமல் திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கன்வர்ட் செய்வதால் ஃபைலின் வகைதான் மாறுகிறது, தொலைந்துபோன அளவுகள் திரும்பி வருவதில்லை.

மெஷ்ஷில் இருப்பது முக்கோணங்கள் மட்டுமே. எஸ்டிஎல் 1980களில் ஸ்டீரியோலித்தோகிராஃபி பிரிண்டருக்காக வந்த ஃபார்மேட். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று மூலைகள், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற திசை, அவ்வளவுதான். இது வட்டம், இது 20 மி.மீ. போர் (துளை), இது எம்6 மரை என்கிற எந்தத் தகவலும் அதில் கிடையாது. மி.மீ.யா இன்ச்சா என்பதுகூடக் கிடையாது. அதனால் முதல் வேலை, உறுதியாகத் தெரிந்த ஒரு அளவை வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கி மாடலில் அளந்து பார்ப்பது. 100 இருக்க வேண்டிய இடத்தில் 3.94 காட்டினால் இன்ச்சில் எக்ஸ்போர்ட் ஆகியிருக்கிறது, 25.4-ஆல் பெருக்க வேண்டும். 0.1 காட்டினால் மீட்டர். இரண்டும் இல்லாமல் 101.5 என்று வந்தால் அங்கேதான் நிற்க வேண்டும்: பிளாஸ்டிக் சுருங்கும் என்று யாரோ பெரிதாக்கி வைத்திருக்கலாம், நாம் அலுமினியத்தில் வெட்டப் போகிறோம்.

துளைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலான ஸ்க்ராப் இங்கேதான் பிறக்கிறது. 20 மி.மீ. துளை மெஷ்ஷில் 24 பக்கங்கள் கொண்ட பலகோணமாக இருக்கிறது என்று வையுங்கள். வழக்கமாக அதன் மூலைகள் வட்டத்தின் மேல் இருக்கும், பக்கங்களின் நடுப்பகுதி உள்ளே வந்திருக்கும், எவ்வளவு என்றால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 0.086 மி.மீ. எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே அளந்தால் 19.83தான். எச்7 ஃபிட்டுக்கு (துளைக்கான ஒரு துல்லிய அளவு வரம்பு) அந்தத் துளை 20.000-க்கும் 20.021-க்கும் நடுவில் இருக்க வேண்டும், ஆக மெஷினைத் தொடுவதற்கு முன்பே ஜாப் தோற்றுவிட்டது. பார்க்க உருண்டையாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகமே வராது. இதற்கு மெஷ்ஷைச் சரிசெய்து பயனில்லை, துளையைத் திரும்ப வரைய வேண்டும். மூன்று மூலைகளைத் தொட்டு ஸ்கெட்சில் ஒரு வட்டம் போடுங்கள் (பக்கத்தின் நடுவைத் தொட்டால் சிறிய வட்டம் வரும்), கிடைத்த விட்டத்தை வாடிக்கையாளரிடம் உறுதிசெய்யுங்கள், மெஷ் துளையை அடைத்துவிட்டு அந்த வட்டத்தால் வெட்டுங்கள். அப்போதுதான் கேமில் (டூல்பாத் போடும் சாஃப்ட்வேர்) டிரில், போர் சைக்கிள்களும் ஒழுங்காக வேலை செய்யும். பிரிண்டருக்கென்று வரைந்த மாடல்களில் துளையை வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாக வைத்திருப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மரை மெஷ்ஷாகவே வந்திருந்தால் அழித்துவிடலாம்; எம்6 என்றால் 5 மி.மீ. டிரில், அப்புறம் டேப் (மரை வெட்டும் கருவி).

ஃப்ரீகேட் சாஃப்ட்வேரில் மெஷ்ஷிலிருந்து ஷேப், ஷேப்பிலிருந்து சாலிட், பிறகு ரீஃபைன் என்று போகலாம். ஒரே தளத்தில் உள்ள முக்கோணங்களை அது சேர்த்துவிடும், ஆனால் சிலிண்டர் பலகோணமாகவே நிற்கும். ஃப்யூஷன் சாஃப்ட்வேரில் பிரிஸ்மாட்டிக் கன்வர்ஷன் சிலிண்டரைக் கண்டுபிடிக்க முயலும், உபயோகமானதுதான், ஆனாலும் கிடைத்த விட்டத்தை அளக்காமல் நம்பக் கூடாது. ஸ்டெப் ஃபைல் (உண்மையான வளைவுகளைச் சேமிக்கக்கூடிய கேட் ஃபைல்) வந்துவிட்டாலே நிம்மதி என்றில்லை. முக்கோணங்களையே ஸ்டெப்பாகச் சேமித்து அனுப்புகிறவர்கள் உண்டு. வளைந்த ஒரு பரப்பைக் கிளிக் செய்யுங்கள், முழுப் பரப்பு தேர்வாகாமல் ஒரு சின்ன முக்கோணம் மட்டும் தேர்வானால் அது மெஷ்தான், முதலில் வரைந்த ஃபைலைக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் திரும்ப வரையத் தேவையில்லை. சிற்ப வேலை, கைப்பிடி, மோல்டு போன்ற நெளிவான பரப்புகளை மெஷ்ஷாகவே விட்டுவிடலாம், பல கேம் சாஃப்ட்வேர்கள் பேரலல், ஸ்காலப் பாஸ்களை (பரப்பை வரிவரியாகச் சீவும் பாதைகள்) மெஷ்மேல் நேரடியாகவே ஓட்டும். இங்கே கவனிக்க வேண்டியது முக்கோணத்தின் நுணுக்கம். 6 மி.மீ. பால் எண்ட் மில்லை (உருண்டை முனைக் கட்டர்) 0.3 மி.மீ. ஸ்டெப்ஓவரில் (அடுத்தடுத்த வரிகளுக்கு இடையிலான தூரம்) ஓட்டினால் தட்டையான இடத்தில் நிற்கும் வரியின் உயரம் 0.004 மி.மீ. அளவுதான், ஆனால் மெஷ் உண்மையான பரப்பிலிருந்து 0.05 மி.மீ. விலகியிருந்தால் பரப்பில் பட்டை பட்டையாக முக்கோணம் தெரியும், ஸ்டெப்ஓவரைக் குறைக்கக் குறைக்க இன்னும் தெளிவாகத் தெரியும். 0.01 விலகலில் மறுபடி எக்ஸ்போர்ட் செய்து தரச் சொல்லுங்கள். அதற்காக அளவுக்கு மீறி நுணுக்கமாகவும் வேண்டாம்: டூல்பாத் 0.05 மி.மீ. நீளக் கோடுகளாக வந்தால், நிமிடத்துக்கு 3000 மி.மீ. ஃபீடில் கண்ட்ரோலர் வினாடிக்கு 1000 ப்ரோக்ராம் வரி படிக்க வேண்டும், முடியாவிட்டால் மெஷின் திக்கித் திக்கி ஓடும். கேமில் ஸ்மூத்திங்கை (சின்னக் கோடுகளைச் சேர்த்து வளைவாக்குவது) போடுவது உதவும்.

மெஷ்ஷில் ஓட்டை, கிழிசல் இருந்தால் அந்த ரிப்பேரை முதலில் செய்யுங்கள், முக்கோணங்களைக் குறைப்பது அப்புறம். குறைக்கும்போது சதவீதத்தை நம்பாமல், முடிந்த இடத்தில் அதிகபட்ச விலகலைக் கொடுங்கள். முழுதாகத் திரும்பக் கட்டும் தானியங்கி ரிப்பேர் கூர்மையான விளிம்புகளை மழுக்கிவிடும், அதனால் பழைய மெஷ்ஷை மேலே வைத்து ஒப்பிடுவது அவசியம். ஸ்கேன் செய்து வந்த மாடல் என்றால் சாய்வையும் பாருங்கள், 0.2 டிகிரி சாய்வு கண்ணுக்குத் தெரியாது, 100 மி.மீ. நீளத்தில் 0.35 மி.மீ. காட்டும்.

கடைசியாக வடிவம். பிரிண்டர் எதையும் போட்டுவிடும், எண்ட் மில்லால் முடியாது. உள்மூலை கூர்மையாக இருந்தால் கட்டரின் ஆரம் அங்கே நிற்கும், அண்டர்கட் (மேலிருந்து பார்த்தால் மறைந்திருக்கும் குடைவு) மூன்று அச்சு மெஷினில் சாதாரண எண்ட் மில்லுக்கு எட்டாது. இதைச் செட்டிங் போடுவதற்கு முன்பே வாடிக்கையாளருக்குப் படத்தில் வட்டம் போட்டு அனுப்பி, எந்த மூலையில் ஆரம் விடலாம், எந்தத் துளையில் எது வந்து உட்காருகிறது என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.