எவர்சில்வர் வாணலியில் மீன் ஏன் ஒட்டுகிறது?

எவர்சில்வர் வாணலியில் முதன்முதலாக வஞ்சிரம் வறுத்த அன்று மீன் தட்டுக்கு வந்தது, தோல் வாணலியிலேயே தங்கிவிட்டது. மசாலாவும் தோலோடு போயிற்று. பழைய இருப்புச்சட்டியில் இப்படி ஆனதில்லை. தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும் பாத்திரத்தில் மீன் எதைப் பிடித்துக்கொண்டு ஒட்டுகிறது?

வழுக்குவது நம் விரலுக்குத்தான். நுண்ணோக்கியில் அந்தப் பரப்பு மேடும் பள்ளமும் கீறலுமாகத் தெரியும். ஆனால் பள்ளங்களைவிடப் பெரிய காரணம் வேதியியலில் இருக்கிறது. எவர்சில்வரில் இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருக்கும். பாத்திரங்களில் பரவலாகக் காணும் 18/8 வகையில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். இந்தக் குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலமாகிப் பாத்திரத்தைத் துருவிலிருந்து காக்கிறது. மீனோ முட்டையோ, அதிலுள்ள புரதம் சூடுபட்டதும் சுருள் பிரிந்து விரியும். உள்ளே மடிந்திருந்த பகுதிகள் வெளியே வந்து கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் இன்னொரு புரதம் இருந்தால் அதை, பாத்திரம் இருந்தால் அதன் மேலுள்ள அந்தப் படலத்தை. ஆறிய வாணலியில் மீனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால், இந்தப் பிடிப்புக்கு நாமே நிதானமாக நேரம் கொடுக்கிறோம்.

ஆகவே முதலில் வாணலி காய வேண்டும். எவ்வளவு? ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுர்ரென்று சுண்டினால் இன்னும் போதாது. பாதரசம்போல உருண்டு ஓடினால் வாணலி ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கும். சொட்டின் அடிப்பகுதி நொடியில் ஆவியாகி மெத்தைபோல அதைத் தாங்குகிறது. ஆவி வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் சொட்டு சாவகாசமாக உலவுகிறது. ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் 1756-இல் விவரித்த விளைவு இது. மீனும் இப்படியே ஆவியில் மிதக்கும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். மீன்துண்டு கனமானது, நடுவில் எண்ணெயும் இருக்கிறது. சொட்டு நமக்கு ஒரு வெப்பமானி, அவ்வளவுதான்.

தண்ணீரைத் துடைத்துவிட்டு எண்ணெய் ஊற்றுங்கள். அது பள்ளங்களை நிரப்பி, புரதத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்கும். ஆனால் நின்ற இடத்தில் நிற்காது. வாணலியின் நடுப்பகுதி ஓரத்தைவிடச் சூடானால் அங்கே எண்ணெயின் பரப்பு இழுவிசை குறையும். குளிர்ந்த ஓரம் எண்ணெயைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். செக் நாட்டு அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2021-இல் சூரியகாந்தி எண்ணெயை வைத்து இதைக் காட்டினார்கள். எப்போதும் நட்டநடுவில் ஒட்டுவது இதனால்தான். எவர்சில்வர் வெப்பத்தைப் பரப்புவதில் மந்தம், அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். இரண்டு எவர்சில்வர் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் வைத்த டிரைபிளை வாணலிக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண் செலவல்ல என்பது என் கட்சி.

மீனைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கிப் போடுங்கள். ஈரம் இருக்கும்வரை மீனின் பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. முறுகல் வருவதற்கு 140-க்கு மேல் போக வேண்டும். போட்டவுடன் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். பதறிக் கரண்டியை நுழைத்தால் தோல் கிழியும். அடிப்பக்கம் காய்ந்து முறுகினால் பிடி தளர்ந்து மீன் தானாக நகரும்.

முட்டைக்கு இவ்வளவு சூடு ஆகாது. காய்ந்தபின் அடுப்பைத் தணித்து, சற்றுப் பொறுத்து ஊற்ற வேண்டும். தோசையை எவர்சில்வரில் நான் முயல்வதில்லை. எண்ணெய் பல நாள் காய்ந்து இறுகிய இரும்புக்கல் இருக்கும்போது எதற்கு?

பால் கதை வேறு. அதிலுள்ள சில புரதங்கள் 70 டிகிரிவாக்கிலேயே சுருள் பிரிந்து அடியில் படியத் தொடங்கிவிடும். சிறு தீயும் விடாமல் கிளறுவதும்தான் வழி.

தோல் ஒட்டிய அன்று அந்தப் பழுப்பைச் சுரண்டி எறிய மனமில்லை. கருகாமல் சிவந்துதான் இருந்தது. புளித்தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்துக் கரண்டியால் வழித்தேன், அடியோடு பெயர்ந்து வந்தது. எவர்சில்வருக்குப் புளிப்பு ஒரு பொருட்டில்லை. அதே வாணலியில் வெங்காயம், தக்காளி சேர்த்துக் குழம்பு கூட்டினேன். வறுவலைவிடக் குழம்புதான் அன்று முதலில் தீர்ந்தது.