‘பின்னிங்’: தக்கவைப்பு என்னும் சொல்லும் அதன் செலவும்

பின்னிங் (வினையாக: பின் செய்தல்) என்பது, ஐபிஎஃப்எஸ் போன்ற மையமற்ற கோப்புச் சேமிப்பு வலையமைப்புகளில், ஒரு கோப்பைத் தன் வட்டிலிருந்து துடைத்துவிடக் கூடாது என்று ஒரு கணினிக்கு அதன் உரிமையாளர் இடும் கட்டளை. அந்தக் கட்டளை அந்த ஒரு கணினியை மட்டுமே கட்டுப்படுத்தும். வலையமைப்பில் இணைந்துள்ள மற்றக் கணினிகளுக்கு அதனால் எந்தக் கடமையும் ஏற்படுவதில்லை. இந்த எல்லை சரியாக விளங்காமல், ஒருமுறை ஏற்றிவிட்டால் கோப்பு என்றென்றும் செலவின்றி நிலைத்திருக்கும் என்று நம்பித் தம் தளத்தின் படங்களையும் நூல்களையும் அங்கே கொண்டுபோய் வைத்தவர்கள், பிறகு செலவைக் குறைப்பதற்காகவே அதைவிட்டு வெளியேறுவதும் உண்டு.

சொல்லின் மூலம் எளியது. பழைய ஆங்கிலத்தில் ‘பின்’ என்றால் மர முளை அல்லது ஆணி. லத்தீனில் இறகையும் கூர்முனையையும் குறித்த ‘பின்னா’ என்ற சொல்லோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். குண்டூசி என்ற பொருளும், பலகையில் தாளைக் குத்தி வைத்தல் என்ற பொருளும் பின்னர் வந்தவை. கணினித் துறை இச்சொல்லை எடுத்துக்கொண்டது நினைவக மேலாண்மையில். இயக்க முறைமை, இடம் போதாதபோது நினைவகப் பக்கங்களை வட்டுக்கு மாற்றிவிட்டு அந்த இடத்தை வேறொன்றுக்குக் கொடுக்கும். ஆனால் ஒரு வன்பொருள் கருவி நேரடியாக எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தை அப்படி அப்புறப்படுத்தினால் தரவு பாழாகும் என்பதால், அப்பக்கத்தை மட்டும் பின் செய்து வைப்பார்கள். தரவுத்தளங்களிலும் இதே வழக்கு உண்டு: பயன்பாட்டில் உள்ள பக்கத்துக்கு ஒரு பின் எண்ணிக்கை இருக்கும், அது சுழியமானால்தான் பக்கத்தை வெளியேற்றலாம். ஆக, எப்போதும் துடைக்கப்படக்கூடிய தற்காலிக இடம் ஒன்று இருக்க, அங்கே சிலவற்றுக்கு மட்டும் கொடுக்கப்படும் விலக்கே பின். நிரந்தரம் என்ற பொருள் இச்சொல்லில் எப்போதுமே இருந்ததில்லை.

ஐபிஎஃப்எஸ், அதாவது கோள்களிடைக் கோப்பு முறைமை, ஹுவான் பெனெட் 2014-இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கியது. அதே ஆண்டில் அவர் நிறுவிய புரோட்டோகால் லேப்ஸ் அதை மென்பொருளாக வளர்த்தது. இதில் ஒரு கோப்பின் முகவரி, அது இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற ஹாஷ் என்னும் எழுத்துத் தொடரே முகவரி. தொடக்கக் கால முகவரிகள் க்யூ, எம் என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கி 46 எழுத்துகள் நீளும். இவற்றை சி.ஐ.டி., அதாவது உள்ளடக்க அடையாளம், என்று அழைக்கிறார்கள் (நம்மூரில் அந்தப் பெயரைக் கேட்டால் மஃப்டி போலீஸ்தான் நினைவுக்கு வருவார்). உள்ளடக்கத்தில் ஒரு காற்புள்ளி மாறினாலும் முகவரி மாறிவிடும். மாறாதிருக்கும் வரை எந்தக் கணினியிலிருந்து வந்தாலும் அது அதே கோப்புதான் என்று சரிபார்த்துக்கொள்ளலாம். முகவரி நிலையானது என்பது இந்த அளவில் முற்றிலும் உண்மை. தொடக்க ஆண்டுகளில் ‘நிலையான வலை’ என்று ஒலித்த முழக்கம், முகவரிக்கு உள்ள இந்தப் பண்பைக் கோப்புக்கும் ஏற்றிச் சொல்லிவிட்டது.

கோப்பின் நிலை வேறு. ஒவ்வொரு கணுவும், அதாவது வலையமைப்பில் இணைந்துள்ள ஒவ்வொரு கணினியும், தன் சேமிப்பைத் தற்காலிக இடமாகவே நடத்துகிறது. பரவலாகப் பயன்படும் குபோ என்ற மென்பொருளில் இயல்பான கொள்ளளவு 10 ஜிபி. குப்பை அகற்றலை இயக்கி வைத்திருந்தால், அதில் 90 விழுக்காடு நிரம்பியதும் பின் செய்யப்படாதவை துடைக்கப்படும். நாமே ஏற்றும் கோப்பு தானாகப் பின் செய்யப்பட்டுவிடும். அடுத்தவர் கோப்பை நாம் வெறுமனே திறந்து பார்த்தால் அப்படிச் செய்யப்படாது. எனவே, ஒருவர் தம் கோப்பைப் பின் செய்த ஒரே கணினியை அணைத்துவிட்டால், முகவரி சரியாக இருந்தும் கோப்பு கிடைக்காமல் போகலாம்.

தனித்தளம் நடத்துபவரின் கணக்குப் புத்தகத்தில் இது எப்படித் தெரியும் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். முதலாவது, குபோவில் ஒரு கோப்பை ஏற்றும்போது அது துண்டுகளாக வெட்டப்பட்டு மென்பொருளின் சொந்தக் கிடங்குக்குள் நகலெடுக்கப்படுகிறது. மூலக் கோப்பும் வழக்கமான கோப்புறையில் இருந்தாக வேண்டும் என்றால், 100 ஜிபி படங்களுக்கு 200 ஜிபி வட்டு வேண்டும். இரண்டாவது, நெடுங்காலம் இயல்பளவாக இருந்த 256 கேபி துண்டு என்ற கணக்கில் 1 ஜிபிக்கு 4,096 துண்டுகள், 100 ஜிபிக்கு நான்கு லட்சத்துக்கும் மேல். இந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் வலையமைப்பில் உள்ள 20 கணுக்களிடம் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு 48 மணி நேரத்தில் காலாவதியாகும் என்பதால் மென்பொருள் அதை 22 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. ஒருவர்கூடப் படிக்காத நாளிலும் சர்வர் ஓயாமல் உழைப்பதும், குறைந்த நினைவகம் உள்ள மலிவான சர்வர் திணறுவதும் இதனால்தான். வேர்த் துண்டுகளை, அதாவது ஒரு கோப்பின் மற்றத் துண்டுகளைச் சுட்டும் தலைமைத் துண்டுகளை, மட்டும் அறிவிக்கும்படி அமைப்பை மாற்றிச் சுமையைக் குறைக்கலாம். ஆனால் அப்போது நடுவிலுள்ள ஒரு துண்டை மட்டும் தேடி வருபவருக்கு அது அகப்படாமல் போக வாய்ப்புண்டு.

மூன்றாவதுதான் எதிர்பார்ப்பை அடியோடு கவிழ்ப்பது. படிப்பவர்கள் கூடக்கூட அவர்களே கோப்பைப் பகிர்ந்து சுமையைத் தாங்குவார்கள் என்பதே மையமற்ற சேமிப்பின் கவர்ச்சி. நடைமுறையில் படிப்பவர் சாதாரண உலாவியில் வருகிறார்; அவருக்காக ஒரு கேட்வே, அதாவது நுழைவாயில் சர்வர், கோப்பை வலையமைப்பிலிருந்து எடுத்து வழக்கமான இணைய வழியில் அனுப்புகிறது. அவர் படித்து முடித்ததும் அவரிடம் பகிர்வதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே அலைவரிசைச் செலவு முழுவதும் கேட்வே நடத்துபவர் தலையில் விழுகிறது, அது பெரும்பாலும் தள உரிமையாளரேதான். சர்வரைத் தாமே பராமரிக்க விரும்பாதவர் பின்னிங் சேவை நிறுவனங்களுக்கு ஜிபி கணக்கில் மாதக் கட்டணம் செலுத்துகிறார். கட்டணம் நின்றால் பின்னிங்கும் போய்விடும். மையமற்றது என்று சொல்லிக்கொண்டு ஒரே நிறுவனத்துக்கு வாடகை கட்டுவதைவிட, பேக்பிளேஸ் நிறுவனம் 2023 அக்டோபரில் 1 டெராபைட்டுக்கு மாதம் 6 டாலர் என்று விலை வைத்தது போன்ற சாதாரணப் பொருட்சேமிப்பில் (கோப்புகளை வைக்க வாடகைக்குக் கிடைக்கும் இணையக் கிடங்கில்) கோப்புகளை வைத்து, முன்னால் ஒரு சிடிஎன்னை (படிப்பவருக்கு அருகிலுள்ள சர்வரிலிருந்து நகலை அனுப்பும் வலையமைப்பை) நிறுத்திவிடுவது மலிவு என்பது சிறிய தளக்காரர்களுக்கு எளிதில் புரிந்துவிடுகிறது.

பெரியவர்களும் பின்வாங்கியிருக்கிறார்கள். 2018-இல் பொதுக் கேட்வே ஒன்றைத் திறந்த கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனம் 2024-இல் அதை வேறு அமைப்பிடம் ஒப்படைத்தது. 2021-இல் ஐபிஎஃப்எஸ் கணுவை தன் உலாவிக்குள்ளேயே கொடுத்த பிரேவ் நிறுவனம், 2024-இல் அதை நீக்கிவிட்டது. பதிப்புரிமைச் சர்ச்சைகளுக்கு நடுவே இயங்கும் ஆன்னாஸ் ஆர்கைவ் என்ற நிழல் நூலகத்தின் குழுவினர், 2022 நவம்பரில் ஏறக்குறைய 60 லட்சம் நூல்களை அங்கே ஏற்றினார்கள். பிறகு இந்தத் தொழில்நுட்பம் இன்னும் முழுப் பயன்பாட்டுக்கு ஆயத்தமாகவில்லை என்று அறிவித்து, தாமே அதில் கோப்புகளை வைத்திருப்பதை நிறுத்திக்கொண்டார்கள். மறுபக்கமும் உண்டு: 2017-இல் துருக்கி அரசு விக்கிப்பீடியாவைத் தடை செய்தபோது அதன் நகல் ஐபிஎஃப்எஸ்ஸில் ஏற்றப்பட்டது. தணிக்கையைத் தாண்டுவதற்காகச் செலவை ஏற்றுக்கொள்பவருக்கு இது தக்க கருவிதான். சமையற்குறிப்புத் தளத்துக்கும் ஊர் வரலாற்றுத் தளத்துக்கும் அந்தத் தேவை அரிதாகவே எழும்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘பின்’ என்று அப்படியே எழுதுவதில் இடர்ப்பாடு அதிகம். தமிழில் ‘பின்’ ஏற்கெனவே இடத்தையும் காலத்தையும் குறிக்கும் சொல். ‘பின்னுதல்’ சடைக்கும் கூடைக்கும் உரியது. போதாக்குறைக்கு 1972-இல் வந்த அஞ்சல் பின்கோடும், ஏ.டி.எம். பின் எண்ணும் அதே ஒலியில் நிற்கின்றன. ‘கோப்பைப் பின் செய்த பின்’ என்று ஒரு வழிகாட்டியில் எழுதிப் பார்த்தால் இது விளங்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘முளையடித்தல்’ வரும். மூலப்பொருளுக்கு மிக நெருங்கியதுதான், ஆனால் முளை என்றதும் விதை முளைப்பதும் உடன் வந்து குழப்பும். ‘பிணைத்தல்’ கூடாது, அது இணைப்புக்கும் ஜாமீனுக்கும் போய்விட்டது. ‘நிலைநிறுத்தல்’, ‘நிரந்தரமாக்கல்’ ஆகிய இரண்டையும் நான் திட்டமாக மறுப்பேன், ஏனெனில் தளக்காரர்களை ஏமாற்றிய அதே நிரந்தரப் பொருளை அவை தமிழிலும் புகுத்திவிடும்.

பொருந்துவது ‘தக்கவைப்பு’. ‘தக்கு’ என்னும் வினைக்குக் கைவிட்டுப் போகாமல் தங்குதல் என்பது பொருள். ‘நிற்கவை’, ‘இருக்கவை’ போல ‘தக்கவை’ என்றால் தங்கும்படி செய்தல். ஒருவர் முயன்று செய்கிறார், அவர் செய்யும்வரைதான் அது நிற்கிறது என்ற குறிப்பு சொல்லின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆட்சியைத் தக்கவைத்தார்கள், டெபாசிட்டைத் தக்கவைத்தார் என்று நாளேடுகள் எழுதுவதும் இப்பொருளில்தான். விலை உண்டு என்பதைக்கூட ஐபிஎல் ரசிகர்கள் இச்சொல்லோடு சேர்த்தே அறிவார்கள்: 2025 பருவத்துக்கான ஏலத்துக்கு முன் சென்னை அணி தோனியை 4 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்தபோது, அந்தத் தொகை அணியின் 120 கோடிக் கையிருப்பிலிருந்து கழிக்கப்பட்டது. சென்னை அணி தக்கவைத்ததால் மற்ற அணிகளுக்கு அவர்மேல் பொறுப்பு ஏதும் வந்துவிடவில்லை, கோப்பிலும் அப்படியே. பின்னிங் சேவையைத் ‘தக்கவைப்புச் சேவை’ என்றும், பின் செய்யப்பட்ட கோப்பைத் ‘தக்கவைத்த கோப்பு’ என்றும் எழுதலாம். கட்டளை வரியில் தட்டச்சு செய்யும் சொல்லை மட்டும் மாற்ற இயலாது. அங்கே ‘பின்’ பின்னாகவே இருக்கட்டும்.

எதிர்ச்சொல்லான ‘அன்பின்’ தமிழ் எழுத்தில் வேற்றுமையுருபு ஏற்ற ‘அன்பு’ ஆகிவிடும். அதற்கு ‘விடுவிப்பு’ என்பதே போதும். வீரர்களின் பட்டியலிலும் தக்கவைத்தவர், விடுவிக்கப்பட்டவர் என்றுதான் இணையாக வருகிறது. தளத்தை வெளியே கொண்டுவருபவர் இதில் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் எல்லாக் கோப்புகளையும் புதிய சேமிப்பில் வைத்துச் சரிபார்த்து, பழைய ஹாஷ் முகவரிக்கு வரும் கோரிக்கைகள் புதிய இடத்துக்குத் திரும்புமாறு தம் கேட்வேயில் அமைக்க வேண்டும். அடுத்து, தளப் பெயருக்கான டிஎன்எஸ் பதிவில் அப்பெயரை ஐபிஎஃப்எஸ் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ்லிங்க் வரியை நீக்க வேண்டும். அதன் பிறகே விடுவிப்பு, கடைசியாகக் குப்பை அகற்றல். விடுவித்த மாத்திரத்தில் வட்டில் இடம் கிடைத்துவிடாது, குப்பை அகற்றல் ஓடினால்தான் கிடைக்கும். விடுவிப்பு வேறு, அழிப்பு வேறு என்பதையும் மறக்கக் கூடாது: வேறு யாரேனும் அதே கோப்பைத் தக்கவைத்திருந்தால், தள உரிமையாளர் சர்வரையே மூடினாலும் அது பழைய முகவரியிலேயே தொடர்ந்து கிடைத்துக்கொண்டிருக்கும், அதைத் தடுக்க அவரிடம் எந்தக் கட்டளையும் இல்லை.